விஞ்ஞானத் தொடருக்குள் ஒரு துப்பறியும் கதை கட்டுவது எப்படி

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் இளைஞர் குழு கேட்டிருப்பது இது: ஆறு எபிசோட்டில் ஒரு விஞ்ஞானக் கதைத் தொடரைப் போனிலேயே எடுக்கப் போகிறார்கள். ஓர் எபிசோட் 12 நிமிடம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் ஒரு பகுதியில் படம்பிடிக்க அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது. வெளிநாட்டு விஞ்ஞானத் தொடர்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் துப்பறியும் கதையாகவே இருக்கிறதே, அது ஏன்? திரைக்குப் பின்னால் அவர்கள் என்னென்ன முடிவுகளை எடுத்தார்கள்? அதில் நாங்கள் எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானம் கதைக்கு விதியைத் தரட்டும். தடயத்தை மட்டும் வீட்டிலும் மலையிலும் கிடக்கும் சாதாரணப் பொருள் தரட்டும். நல்ல விஞ்ஞானத் துப்பறியும் எபிசோட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்த ஏற்பாடுதான் இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டவை, அதாவது கடைசி நிமிடத்தில் ஒரு கருவியை எடுத்து நீட்டிக் குற்றவாளியைக் காட்டுபவை, ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியாதவை.

1966 செப்டெம்பரில் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் தொடரின் முதல் எபிசோட்டிலிருந்து தொடங்கலாம். அந்தக் கதையில் மனித உடலிலுள்ள உப்பை உறிஞ்சும் ஒரு பிராணி வருகிறது. அதனால் உப்புக்குடுவை ஒன்று காட்சியில் வேண்டும். எதிர்காலம் என்பதால் விசித்திரமான வடிவங்களில் குடுவைகளை வாங்கினார்கள். பிறகுதான் சிக்கல் தெரிந்தது: பார்ப்பவர்களுக்கு அது உப்புக்குடுவை என்றே விளங்காது. ஆகவே சாப்பாட்டு மேசையில் இருக்கும் சாதாரணக் குடுவையையே காட்சியில் வைத்தார்கள். வாங்கிய விசித்திரக் குடுவைகளை வீசவில்லை. அவை கப்பல் வைத்தியரின் கருவிகளாகிவிட்டன. ஒரு சிறிய பொருள் பற்றிய முடிவு இது. ஆனால் தடயம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று தெரியாத பொருள் தடயமாகாது. அலங்காரத்துக்கு அது போதும். தடயம் அடையாளம் தெரிய வேண்டும்.

அதே தொடரில் 1967 இல் வந்த நீதிமன்ற எபிசோட்டைக் கவனியுங்கள். கப்பலின் தலைவர் அவசர நிலை வருமுன்பே பொத்தானை அழுத்தி ஒரு அதிகாரியின் சாவுக்குக் காரணமானார் என்பது குற்றச்சாட்டு. கணினியின் பதிவு அப்படித்தான் காட்டுகிறது. கணினி பொய் சொல்லாது என்பது அந்த உலகத்தின் விதி. அதை எப்படி உடைப்பது? கப்பலின் விஞ்ஞான அதிகாரி ஸ்பொக் கணினியோடு சதுரங்கம் ஆடுகிறார், வெல்கிறார், திரும்பத் திரும்ப வெல்கிறார். அந்தச் சதுரங்க நிரலை எழுதியவரே அவர்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவருக்குச் சமநிலைக்கு மேல் கிடைக்கக் கூடாது. வெற்றி கிடைக்கிறது என்றால் யாரோ கணினிக்குள் கை வைத்திருக்கிறார்கள். பார்வையாளருக்குக் கணினி பற்றி ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. சதுரங்கம் என்றால் என்ன, தன்னை விடக் கெட்டிக்காரனைத் தொடர்ந்து தோற்கடிக்க முடியாது என்ற இரண்டு விடயம் போதும்.

1991 இல் அதன் அடுத்த தலைமுறைத் தொடரில் வந்த 'க்ளூஸ்' என்ற எபிசோட் உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. கப்பலில் எல்லோரும் மயங்கி விழுகிறார்கள். மயங்காமல் இருந்த டேட்டா என்ற இயந்திர மனிதர், வெறும் 30 விநாடிதான் கடந்தது என்கிறார். கப்பலின் கடிகாரமும் அதையே சொல்கிறது. ஆனால் வைத்தியர் ஆய்வுக்காக வளர்த்துக்கொண்டிருந்த பாசி, ஒரு நாள் முழுவதும் வளர்ந்த அளவுக்கு நிற்கிறது. ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்து திரும்பப் பொருத்தப்பட்ட அடையாளம் இருக்கிறது. முறிந்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. பாசி, மணிக்கட்டு: அவ்வளவுதான் தடயம். இதன் மூலக்கதையை எழுதி அனுப்பியவர் ஒரு தபால் ஊழியர். வெளியாட்களின் கதைகளையும் அந்தத் தொடர் வாங்கிப் படித்தது. தொழில்முறை எழுத்தாளர் இல்லையே என்று தயங்குகிறவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவசியம் பார்க்க வேண்டும். டேட்டா ஷெர்லக் ஹோம்ஸாக வேடமிட்டு விளையாடும் எபிசோட் 1988 இல் வந்தது. உருவங்களை உண்டாக்கும் மாய அறையிடம் அவருடைய நண்பர் ஒரு கட்டளை இடுகிறார்: டேட்டாவைத் தோற்கடிக்கக்கூடிய எதிரியைத் தா. ஹோம்ஸைத் தோற்கடிக்கக்கூடிய எதிரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெயர் மாறியதில், ஹோம்ஸின் பரம எதிரியான மொரியார்ட்டி பாத்திரத்துக்கு உணர்வே வந்துவிடுகிறது. கட்டளையை நாம் நம் காதாலேயே கேட்கிறோம், ஒன்றும் மறைக்கப்படவில்லை. ஹோம்ஸ் பாத்திரங்களின் உரிமை பற்றிய சிக்கலால் இதன் தொடர்ச்சி 1993 வரை தள்ளிப்போனது. அந்தத் தொடர்ச்சியில் ஆரம்பக் காட்சியே விடை. இடக்கையால் செய்ய வேண்டியதை ஒரு பாத்திரம் வலக்கையால் செய்கிறது, நிரலில் ஏதோ கோளாறு, திருத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். சின்னத் தொல்லைபோலக் கடந்துபோகும் அந்த இடம்வலக் கோளாறுதான், தாங்கள் இன்னும் மாய அறைக்குள்ளேயே இருக்கிறோம் என்று டேட்டா பின்னால் கண்டுபிடிக்க உதவுகிறது. தடயத்தை வேறொரு வேலையின் மறைவில் காட்டுவது என்றால் இதுதான்.

இனி விதி பற்றி. விஞ்ஞானக் கதையும் துப்பறியும் கதையும் ஒன்றுசேராது என்று ஜோன் கேம்பல் என்ற புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர் சொன்னார். எதிர்காலத் துப்பறிவாளர் எந்தக் கருவியையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிடலாமே என்பது அவரது வாதம். அதற்குப் பதிலாகத்தான் ஐசக் அசிமோவ் 'த கேவ்ஸ் ஒஃப் ஸ்டீல்' நாவலை எழுதினார். 1954 இல் நூலாக வந்தது. அதில் மனிதர் கூரை மூடிய நகரங்களிலேயே வாழ்ந்து திறந்த வெளிக்கு அஞ்சுகிறார்கள். ரோபோ திறந்த வெளியில் நடக்கும், ஆனால் கொல்ல முடியாது. குற்றம் நடந்த இடத்துக்கு வெட்டவெளியால் போக வேண்டும். பாருங்கள், இரண்டு விதியை முன்னாலேயே சொல்லி முடித்ததும் எல்லோரும் நிரபராதிகளாகி நிற்கிறார்கள். புதிர் அங்கே பிறக்கிறது. இதை பிபிசி 2 1964 இல் பீட்டர் குஷிங்கை நடிக்கவைத்து நாடகமாக்கியது. சில துண்டுகள் தவிர மற்றவை இன்று இல்லை.

டொக்டர் ஹூ தொடரில் 1977 இல் கிறிஸ் பூச்சர் எழுதிய 'த ரோபோட்ஸ் ஒஃப் டெத்' இதே வழியில் வந்தது. பாலைவனத்தில் கனிமம் தோண்டிக்கொண்டு ஊரும் பெரிய வண்டி. உள்ளே சிறிய பணிக்குழு. ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ரோபோ கொல்லாது என்று எல்லோரும் அடித்துச் சொல்வதால் ஆளை ஆள் சந்தேகிக்கிறார்கள். ரோபோக்களில் மூன்று வகை: பேசாதவை, பேசுபவை, மற்றவற்றை நடத்தும் ஒன்று. இந்த வகைப்பிரிப்பு வெறும் அலங்காரமல்ல. பேசாத வகையைச் சேர்ந்ததாகத் தோன்றும் ஒரு ரோபோ பேசத் தொடங்கும்போது அது அங்கே வேறு வேலையாக வந்திருக்கிறது என்று நமக்கு உடனே தெரிகிறது. விதியைச் சொல்லியிருந்ததால்தான் விதிமீறல் தடயமாகிறது.

ஏன் இத்தனை துப்பறியும் கதை என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு காரணம், ஒன்று ஆட்கள், மற்றது காசு. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி 1949 முதல் 1956 வரை லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸில் வேலை செய்தவர். பொலிஸ் தொடர்களுக்கு எழுதித்தான் தொலைக்காட்சிக்குள் வந்தார். டொக்டர் ஹூவின் மிகச் சிறந்த எழுத்தாளர்களில் ஒருவரான ரொபர்ட் ஹோம்ஸும் முன்னாள் பொலிஸ்காரர். பபிலோன் 5 தொடரை உருவாக்கிய மைக்கல் ஸ்ட்ரசின்ஸ்கி அதற்கு முன் 'மர்டர், ஷீ ரோட்' என்ற துப்பறியும் தொடரில் வேலை செய்தவர். எக்ஸ் ஃபைல்ஸ் தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர், பேய்களைத் துரத்தும் பத்திரிகையாளர் பற்றி எழுபதுகளில் வந்த 'கொல்சக்' தொடரே தனக்கு உந்துதல் என்று சொல்லியிருக்கிறார். வாரம் ஒரு வழக்கு, ஒரு முடிவு என்ற அச்சு தொலைக்காட்சியில் முன்பே இருந்தது. அதற்குள் விண்கலத்தை ஊற்றினார்கள்.

காசுக் காரணம் உங்களுக்கு அதிகம் பயன்படும். டொக்டர் ஹூவின் கால இயந்திரம் போகும் இடத்துக்கேற்ப உருமாற வேண்டியது. ஒவ்வொரு கதைக்கும் புது வடிவம் செய்யக் காசில்லாததால் பழுதாகித் தெருவோரப் பொலிஸ் தொலைபேசிப் பெட்டியாகவே நின்றுவிட்டது என்று 1963 இலேயே கதைக்குள் சொல்லிவிட்டார்கள். ஸ்டார் ட்ரெக்கில் வாராவாரம் கப்பல் தரையிறங்குவதைக் காட்டக் காசில்லை. ஆளைக் கரைத்து அனுப்பும் கருவி அதனால் பிறந்தது. அடுத்த தலைமுறைத் தொடரின் மாய அறையும் இதே சாதிதான்: 1988 இல் வந்த 'த பிக் குட்பை' எபிசோட்டில் கப்பல் தலைவர் 1941 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் தனியார் துப்பறிவாளராகிறார். விண்கலத்துக்குப் புதிதாக எல்லாவற்றையும் செய்ய வேண்டும்; பழைய காலத்துக் கோட்டும் தொப்பியும் ஸ்டூடியோக்களில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த எபிசோட் உடையலங்காரத்துக்கு எமி விருது பெற்றது.

துப்பறியும் கதைக்குப் பெரிய களம் தேவையில்லை என்பது இதில் மிகப் பெரிய சலுகை. ஒரு மூடிய இடம், ஐந்தாறு பேர், பேச்சு. ட்வைலைட் ஸோன் தொடரில் 1961 இல் ரொட் சேர்லிங் எழுதிய ஒரு எபிசோட் ஏறக்குறைய முழுவதும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நடக்கிறது. பனி கொட்டுகிறது, பாலம் ஆபத்து என்று பஸ் நிற்கிறது. பஸ்ஸில் ஏறியது ஆறு பேர் என்று சாரதி சொல்கிறார். கடையில் ஏழு பேர். ஒருவர் வேற்றுக்கிரகவாசி. சிறப்புக் காட்சி என்று பார்த்தால் கடைசி நிமிடத்தில் ஒரு மூன்றாவது கையும் ஒரு மூன்றாவது கண்ணும் மட்டும். மற்ற முழு நேரமும் ஆறா ஏழா என்ற எண்ணிக்கைதான் கதையை ஓட்டுகிறது. கினிகத்தேனைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்று, எல்லோரும் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கும் காட்சி நமக்கு வருடா வருடம் நடப்பது. மூடிய களத்தை மலையகத்தில் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. மழையே அமைத்துத் தருகிறது.

இப்போது உங்கள் தொடர். என்ன கருவி வைத்தாலும், அது துப்பறிவாளரை வேலையற்றவராக்குமா என்று முதலில் பாருங்கள். பொய் கண்டுபிடிக்கும் கருவி இருந்தால் விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லா இடத்திலும் கமரா இருந்தாலும் அப்படித்தான். கருவிக்கு ஒரு வேலை, ஒரு எல்லை, ஒரு விலை என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும் முதல் எபிசோட்டின் முதல் 5 நிமிடத்துக்குள், குற்றம் நடக்குமுன், வாயால் சொல்லாமல் நடத்திக் காட்டுங்கள். பிறகு ஆறாவது எபிசோட் முடியும்வரை நான்காவதாக ஒன்றைச் சேர்க்கக் கூடாது. எனக்குத் தெரிந்து பெரும்பாலான சிறிய தொடர்கள் வழுக்கி விழும் இடம் நான்காவது எபிசோட். கதை முடிச்சு இறுகியதும் கருவிக்குப் புதிய சக்தி முளைக்கும், அதோடு பார்வையாளர் யோசிப்பதை விட்டுவிடுவார்.

எடுத்துக்காட்டாக ஒன்று கட்டிப் பார்ப்போம். இடி விழுகிறது. தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியில் ஐந்து பேர். கண் திறக்கும்போது எல்லோருடைய போனும் கைக்கடிகாரமும் 10 நிமிடம்தான் கடந்ததாகக் காட்டுகின்றன. ஒருவரைக் காணவில்லை. உண்மையில் கடந்தது 12 மணி நேரம். கருவி கடிகாரங்களைப் பின்னோக்கித் தள்ளும், உயிருள்ளதைத் தள்ளாது. இதுதான் விதி. இதை யார் கண்டுபிடிப்பது? பொறியியலாளர் வேண்டாம். முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா போதும். பச்சைக் கொழுந்தின் தண்டை மடக்கினால் படக்கென்று முறியும். வாடியது முறியாமல் வளையும். கைப்பிடியில் அள்ளி அழுத்தி விட்டால் பச்சைக் கொழுந்து விரிந்து உதிரும், வாடிய கொழுந்து உருண்டையாகவே நிற்கும். அவர் தண்டை மடக்குகிறார், அது வளைகிறது. பத்து நிமிடத்தில் கொழுந்து வாடாது. மலையகத்தில் இந்தக் காட்சிக்கு விளக்கமே வேண்டாம். வெளியூர்க்காரருக்காக மட்டும் முதல் எபிசோட்டில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் காட்சியொன்றில், பேத்தியின் கல்யாணப் பேச்சின் நடுவே, அவர் ஒரு தண்டைப் படக்கென்று முறித்துப் போடட்டும். கமரா அதை இரண்டு விநாடி பார்த்தால் போதும். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடி விழுந்து கரண்ட் போனதாகவும் எழுதியிருந்தால் இந்தத் தடயம் செத்துவிடும். வாட்டும் தொட்டிக்குக் கீழேயிருந்து மின்விசிறி காற்றை ஊதினால்தான் கொழுந்து சீராக வாடும். மழை நாளில் இலைமேல் நீர் வேறு இருக்கும். அது காயவே நேரம் போகும். காற்று நின்று கொழுந்து கனமாகக் குவிந்து கிடந்தால் வாடுவதற்குப் பதில் உள்ளே சூடேறிச் சிவந்துபோகும். ஆகவே இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்: விசிறி ஓடியதென்றால் வளையும் தண்டு தடயம், விசிறி நின்றதென்றால் சிவந்த குவியல் தடயம். இரண்டையும் கலந்தால் தோட்டத்தில் பார்க்கும் அத்தனை பேரும் பிழை பிடிப்பார்கள், அது நியாயமும்கூட.

குற்றவாளியைக் காட்ட இன்னொரு எண்ணிக்கையும் கையில் இருக்கிறது. 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 21, 22 கிலோ தேயிலைதான் வரும். தோட்டத்து அன்றாடப் பதிவேடான செக்ரோலில் எழுதிய கொழுந்துக் கணக்கும் சாக்கிலிருக்கும் தேயிலைக் கணக்கும் இந்த விகிதத்தை மீறினால், அந்த 12 மணி நேரம் யாரோ விழித்திருந்து இயந்திரத்தை ஓட்டியிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை பாத்திரத்துக்கு இது நல்ல காட்சி.

தாடியையும் தடயமாக்கலாம் என்று தோன்றும். எல்லோருக்கும் அரை நாள் தாடி முளைத்திருக்க, ஒருவருக்கு மட்டும் மழித்த முகம் என்றால் அவர் மயங்கவில்லை. யோசனை நல்லது, ஆனால் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படம்பிடிப்பீர்கள். நடிகர்களின் தாடி வாரத்துக்கு வாரம் மாறும். வேறு வகைக் கதையில் இப்படித் தொடர்ச்சி பிசகினால் அது சின்னப் பிழை. துப்பறியும் கதையில் அது பொய்த் தடயம். சட்டைப் பொத்தான், கதவு திறந்திருந்த அளவு, மேசையில் கோப்பை இருந்த பக்கம், எல்லாவற்றையும் பார்வையாளர் எண்ணிக்கொண்டிருப்பார். எனவே ஒவ்வொரு ஷொட் முடிந்ததும் களத்தை நான்கு மூலையிலிருந்தும், ஒவ்வொரு நடிகரையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, காட்சி எண்ணை ஒரு தாளில் எழுதி அதையும் சேர்த்துப் படமெடுங்கள். இதற்கென்று ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

தடயத் தாள் ஒன்றும் தேவை. ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு வரி: எந்தக் காட்சியில் முதலில் தெரிகிறது, என்ன சாக்கில் தெரிகிறது, யார் கையில் படுகிறது, எந்தக் காட்சியில் அர்த்தமாகிறது. விடைக்கு முன் இரண்டு தடவையாவது கண்ணில் படாத தடயத்தை வெட்டிவிடுங்கள், அல்லது இன்னொரு காட்சியில் நுழையுங்கள். 12 நிமிட எபிசோட்டுக்கு இரண்டு தடயத்துக்கு மேல் தாங்காது. சந்தேகத்துக்குரியவர்கள் நான்கு பேர், கூடினால் ஐந்து. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டால் 12 பக்கம். புதியவர்களுக்கு ஒரு நாளில் 4 பக்கம் எடுப்பதே நல்ல வேகம். எபிசோட்டுக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். பழைய ஸ்டார் ட்ரெக்கே ஒரு மணி நேர எபிசோட்டை ஆறு நாளில்தான் எடுத்தது, அதுவும் முழுநேரத் தொழிலாளரோடு.

உங்களுக்கு வரப்போகும் மிகப் பெரிய சிக்கல் கமராவில் இல்லை. மூன்றாவது எபிசோட் எடுக்கும்போது ஒரு நடிகருக்குக் கொழும்பில் வேலை கிடைக்கும். இன்னொருவர் வெளிநாடு போவார். ஒருத்திக்குப் பரீட்சை வரும். ஸ்ட்ரசின்ஸ்கி பபிலோன் 5 தொடருக்கு ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே போட்டார். 110 எபிசோட்டில் 92 ஐ அவரே எழுதினார். அப்படித் திட்டமிட்டவருக்கே முதல் வருடத்தோடு கதாநாயகர் போனார். அவர் தப்பியது ஒவ்வொரு முக்கிய பாத்திரத்துக்கும் ஒரு பொறிக்கதவு வைத்திருந்ததால்: அந்த ஆள் போனால் கதை எந்த வழியால் வெளியேறும், அந்த வேலையை யார் ஏற்பார் என்று முன்பே எழுதிய வழி. மறைந்திருக்கும் துரோகி என்ற பங்கை அவர் முதலில் ஒரு பெண் அதிகாரிக்கு வைத்திருந்தார். முன்னோட்டமாக எடுத்த பைலட் எபிசோட்டோடு அந்த நடிகை விலகினார். பங்கு, மனதைப் படிக்கும் இன்னொரு பெண் பாத்திரத்துக்கு நகர்ந்தது. பிறகு அந்த நடிகையும் விலக விரும்பியபோது அதே துரோகத்தை வெளிப்படுத்தி அனுப்பிவைத்தார். பார்த்தவர்களுக்கு அது முதலிலிருந்தே போட்ட திட்டமாகத் தெரிந்தது, ஏனென்றால் அவளை ஒரு வேற்றுக்கிரகத் தூதர் இரகசியமாகப் பதிவு செய்யும் காட்சி முதல் வருடத்திலேயே இருந்தது. நீங்களும் குற்றவாளி யார் என்பதை இரண்டு பேருக்குப் பொருந்துமாறு எழுதுங்கள். முதலாமவர் இல்லாமல் போனால் இரண்டாமவர்.

எக்ஸ் ஃபைல்ஸில் நடந்ததும் இதற்கு நெருக்கம். முதல் வருடப் படப்பிடிப்புக் காலத்திலேயே கதாநாயகி ஜில்லியன் அண்டர்சன் கர்ப்பமானார். முதலில் நீளக் கோட்டாலும் மேசையாலும் மறைத்தார்கள், பிறகு இரண்டாம் வருடத்தில் சில எபிசோட்டுக்கு அவர் கடத்தப்பட்டதாக வைத்தார்கள். நடிகைக்கு ஓய்வு தருவதற்காக எழுதிய கடத்தல், தொடரின் அடுத்த பல வருடங்களுக்கு நடுப் புதிராகிவிட்டது. அந்தத் தொடரிலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். ஹோம்ஸுக்குக் கூட்டாளி வொட்சன் தேவைப்படுவது பார்வையாளருக்குப் பதிலாகக் கேள்வி கேட்க. கார்ட்டர் அதைக் கொஞ்சம் திருப்பினார்: ஆண் நம்புகிறவர், பெண் விஞ்ஞானம் பேசிச் சந்தேகிக்கிறவர். இருவரில் யாருமே வெறும் கேள்வி கேட்கும் ஆளாக நிற்கவில்லை. உங்கள் கதையில் கொழுந்தம்மாவுக்குத் துணையாகக் கம்பஸ் படித்துவிட்டு வந்த பேத்தியைப் போட்டால், "அம்மாயி, போன் பொய் சொல்லாது" என்று அவள் சொல்ல, "போன் சொல்லாது தாயி, கொழுந்தும் சொல்லாது" என்று அவர் சொல்ல, இரண்டு பக்கமும் கனம் இருக்கும்.

கமரா விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போனில் விநாடிக்கு 30 ஃபிரேம் என்றே பெரும்பாலும் இருக்கும். அப்படியே எடுத்தால் டியூப் வெளிச்சத்திலும் மலிவான எல்ஈடி வெளிச்சத்திலும் படம் துடிக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 50 இல் ஒரு பங்கு என்று கைமுறையாக வைக்கும் செயலியொன்றைப் பாவியுங்கள். எல்லாப் போனிலும் ஒரே அளவு, ஒரே ஃபிரேம், அகலமான சட்டகம். பபிலோன் 5 இதில் பட்டது பெரிய பாடு: நடிப்புக் காட்சிகளை அகலத் திரைக்கும் பொருந்துமாறு எடுத்தார்கள், கணினிக் காட்சிகளைப் பழைய சதுரத் திரைக்கே செய்தார்கள். பின்னால் அகலத் திரைக்கு மாற்றும்போது கணினிக் காட்சிகளை வெட்டிப் பெரிதாக்க வேண்டி வந்து படம் மங்கிப்போனது.

எக்ஸ் ஃபைல்ஸின் முதல் ஐந்து வருடமும் கனடாவின் வன்கூவரில் எடுக்கப்பட்டன. ஈரக்காடு, மழை, மூட்டம், அதை வெட்டிக்கொண்டு போகும் டோர்ச் வெளிச்சம்: அந்தத் தொடரின் முகமே அது. நானுஓயாவிலும் ஹப்புத்தளையிலும் உங்களுக்கு அது இலவசம். டோர்ச்சைக் கமராவுக்குப் பக்கவாட்டில் பிடித்தால்தான் ஒளிக்கற்றை தெரியும். கமராவின் முதுகிலிருந்து அடித்தால் முன்னால் வெள்ளைச் சுவர்தான். மூட்டம் பத்து நிமிடத்தில் விலகும், ஆகவே அகல ஷொட்டை முதலில் எடுங்கள். குளிரிலிருந்து போனைச் சட்டென்று சூடான காம்பிராவுக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும். பையோடு வைத்து அரை மணி நேரம் பழகவிடுங்கள்.

ஆளைக் கரைக்கும் காட்சி வேண்டுமென்றால் ஸ்டார் ட்ரெக்கின் பழைய முறையே போதும். அவர்கள் கறுப்புப் பின்னணிக்கு முன் அலுமினியத் தூளைக் கொட்டி ஒளி பாய்ச்சிப் படமெடுத்து, ஆள் மறையும் படத்தின் மேல் பொருத்தினார்கள். அலுமினியத் தூள் தீப்பிடிக்கும், அதைத் தொடாதீர்கள். ஜிகினாத் தூளோ மெல்லிய உப்போ போதும். கறுப்புத் துணி, பக்கத்திலிருந்து ஒரு டோர்ச், போனில் 120 ஃபிரேம். பிறகு போனை முக்காலியில் பூட்டி, ஆளோடு ஒரு தடவை, ஆளில்லாமல் ஒரு தடவை அதே இடத்தை எடுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு 2 விநாடியில் கரையவிட்டு, மேலே தூள் படத்தை, கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும் ஸ்க்ரீன் என்ற கலப்பு முறையில் போடுங்கள். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டாவிட்டால் ஆள் விலகியதும் போன் தானாக வெளிச்சத்தை மாற்றும், வெட்டு அப்பட்டமாகத் தெரியும். மூட்டம் நகரும் வெளிப்புறத்தில் இதைச் செய்யவே முடியாது.

தொழிற்சாலைக்குள் புகை போட நினைக்க வேண்டாம். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். சாம்பிராணியோ ஸ்ப்ரேயோ பட்டால் ஒரு நாள் உற்பத்தியே பழுதாகலாம், அதோடு அனுமதியும் போகும். முகப்பூச்சையும் வெளியே போட்டுக்கொண்டு போங்கள். சேலை முந்தானை, சால்வை, தொங்கும் முடி எதுவும் பெல்ட் பக்கமோ ரோலர் பக்கமோ போகக் கூடாது. இயந்திரம் நின்ற நேரத்தில் மட்டும் அங்கே நடியுங்கள். வாட்டும் மாடியில் விசிறி ஓடினால் வசனம் பதியாது. காட்சியை எடுத்துவிட்டு அதே நாளில், ஞாபகம் இருக்கும்போதே, ஓர் அமைதியான அறையில் கம்பளிப் போர்வைக்குக் கீழே இருந்து வசனத்தைத் திரும்பப் பதியுங்கள். விசிறிச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து கீழே ஓடவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ரயில் பாதையில் எடுக்க ரயில்வே திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்க வேண்டும்.

கொழுந்துத் தண்டு வளையும் அண்மைக் காட்சியைத் தொடரின் முதல் நாளிலேயே எடுத்துவிடுங்கள். அதற்கு இரண்டு வகைக் கொழுந்து ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும்: அன்று பறித்தது ஒரு கிலோ, முதல் நாள் மாலை தொட்டியில் போட்டு வாடியது ஒரு கிலோ. தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் காலையில் ரோலருக்குப் போகுமுன் எடுத்துத் தருவார். பச்சையை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், வாடியதைத் தாளில் பரப்புங்கள், கலந்துவிடாமல் பைகளில் பெயர் எழுதுங்கள். முறியும் தண்டும் வளையும் தண்டும் ஒரே கையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படமாக வேண்டும். முறிகிற அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். ஆறாவது எபிசோட்டில் அம்மா தண்டை மடக்கும்போது வர வேண்டிய அந்தச் சத்தம் வராமல் போவதுதான் உங்கள் விடை.